திருப்பிப் போட்ட சீட்டு

எங்கள் படகில் எதற்கெடுத்தாலும் சீட்டுக் குலுக்கல்தான். எஞ்சினுக்குப் பக்கத்துப் படுக்கை யாருக்கு, கழிப்பறையைக் கழுவுவது யார், துறைமுகத்தில் முதலில் இறங்கி வீட்டுக்கு ஓடுவது யார், எல்லாவற்றையும் டோர்ஃபியின் கம்பளித் தொப்பிதான் முடிவுசெய்யும். டோர்ஃபி எங்கள் கேப்டன். அவனுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. எடுத்த சீட்டு பிடிக்காவிட்டால் ஒரு தடவை திருப்பிப் போட்டுவிட்டு வேறொன்றை எடுக்கலாம். இந்தச் சலுகையை யார் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் ஆல்கா என்ற இந்தப் படகில் சமையல்காரனாகச் சேர்ந்தபோதே அது இருந்தது. அநியாயம்தான், ஆனால் பழகிப்போன அநியாயம். கேப்டன் சீட்டைத் திருப்பிப் போட்டால் எல்லோரும் மேஜையைத் தட்டிச் சிரிப்போம், அவ்வளவுதான்.

அந்த ஜனவரியில் ஆல்கா மீன் பிடிக்கப் போகவில்லை, மீன் எண்ணப் போனது. ஆராய்ச்சி நிலையத்தின் கப்பல்கள் போதாதபோது எங்களைப் போன்ற படகுகளை வாடகைக்கு எடுப்பார்கள். எண்ண வேண்டியது லோட்னாவை. விரல் கனம்கூட இல்லாத மீன். ஆனால் எங்கள் ஸ்கார்ஃபாவிக் ஊரில் பாதி வீடுகளின் கூரை அந்த மீனால் போட்டது. கடலில் இத்தனை டன் முட்டையிட விட்டுவைக்க வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. எண்ணிக்கை அதைத் தாண்டினால், தாண்டியதை நாங்கள் பிடிக்கலாம். தாண்டாவிட்டால் பூஜ்யம். போன குளிர்காலம் பூஜ்யம். மீன்மாவு ஆலையின் புகைபோக்கியில் காக்கை கூடு கட்டியிருந்தது.

கிளம்புவதற்கு முன் படகுத்துறையில் கயிற்றைச் சுற்றிக்கொண்டே டோர்ஃபி என்னிடம் சொன்னான்.

"பெர்சி, இந்தத் தடவையும் இல்லேன்னா ஆல்காவை வித்துடுவாங்களாம். முதலாளி போன் பண்ணினாரு."

"உன் பொண்டாட்டிகிட்ட சொன்னியா?"

"உங்கிட்டதான் சொல்றேன். வாயை மூடிக்கிட்டு சூப்பைக் கிண்டு."

நானும் டோர்ஃபியும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவன் பயந்துபோனால்தான் என்னைத் திட்டுவான்.

எண்ணும் வேலைக்குத் தலைவியாக நிலையம் அனுப்பிவைத்தது யாரை? டோர்ஃபியின் சொந்தத் தங்கை ஸ்வாலாவை. சின்ன வயதிலேயே அந்தப் பெண்ணிடம் "எப்படி இருக்கே?" என்று கேட்டால் காய்ச்சல் எத்தனை டிகிரி என்று பதில் வரும். எண் இல்லாமல் பேசத் தெரியாது, எண்ணை மாற்றிச் சொல்லவும் தெரியாது. அவள் ஏணியில் ஏறி வந்தபோது டோர்ஃபி அவளுடைய பெட்டிகளைத் தானே தூக்கிவந்து கீழே வைத்தான். வேறு யாருக்கும் அவன் ஒரு பையைக்கூடத் தூக்கியதில்லை.

எண்ணுகிற கருவி படகின் அடிவயிற்றில் இருக்கிறது. அதற்கு நேர்கீழே இருப்பதுதான் தெரியும். அதனால் புல்வெளியில் புல் அறுக்கிறவன்போல மேலும் கீழுமாக நேர்க்கோட்டில் போய்வர வேண்டும். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே பன்னிரண்டு மைல். முதல் கோடு எந்த மைலில் ஆரம்பிக்க வேண்டும் என்பதை மட்டும் மனிதர்கள் சொல்லக் கூடாது. சொன்னால் ஆசை உள்ளே புகுந்துவிடும் என்பாள் ஸ்வாலா. வழக்கமாக அதை அலுவலகக் கணினி சொல்லும். டோர்ஃபி விடவில்லை.

"ஏம்மா, கம்ப்யூட்டரு எங்களோட சேர்ந்து குளிர்ல நிக்குதா? நம்ம படகு, நம்ம தொப்பி. சீட்டும் நாமதான் எடுக்கணும்."

"சீட்டுன்னா சீட்டுதான் அண்ணா. யார் எடுத்தா என்ன," என்று அவளும் சிரித்துக்கொண்டே ஒன்று முதல் பன்னிரண்டு வரை எழுதிச் சுருட்டித் தொப்பியில் போட்டாள். அண்ணன் முகத்தில் சிரிப்பைப் பார்க்க அவளுக்கும் ஆசை இருந்திருக்கும். அந்த நேரம் பார்த்து அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. "எடுத்து வைங்க, வந்துடறேன்," என்று மேலே சுக்கான் அறைக்கு ஓடினாள்.

டோர்ஃபி கையை விட்டு எடுத்தான். பதினொன்று.

"பதினொண்ணா? கடைசிக் கோடு போய் ஐஸுல முட்டிக்கும்டா," என்று முகத்தைச் சுளித்தான்.

எஞ்சின்காரன் ஸ்டூர்லா மேஜையைத் தட்டினான். "கேப்டன் சலுகை! கேப்டன் சலுகை!"

நாங்களும் தட்டினோம். டோர்ஃபி சீட்டைத் தொப்பிக்குள் போட்டுக் குலுக்கி இன்னொன்றை எடுத்தான். ஒன்பது. ஸ்வாலா இறங்கி வந்து, "என்ன வந்துச்சு?" என்று கேட்டாள். "ஒன்பது" என்றான். அவள் அதைத் தட்டச்சு செய்துகொண்டு, காப்பியை ஊற்றிக் குடித்தாள். திருப்பிப் போட்டதை யாரும் மறைக்கவில்லை. சொல்வதற்கு அதில் ஏதோ இருக்கிறது என்று எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை.

முதல் மூன்று கோடுகளில் கருவித் திரை வெறுமையாகக் கிடந்தது. அங்கங்கே தூசி தட்டியதுபோலக் கொஞ்சம் மீன், அவ்வளவுதான். மேற்கே மிதக்கும் பனிக்கட்டிகள் நெருங்கிக்கொண்டிருந்தன. கிரீன்லாந்துப் பக்கத்திலிருந்து வரும் காற்றில் கைப்பிடிக் கம்பிகளெல்லாம் பனி உறைந்து கையளவு தடித்துவிட்டன. பையன்கள் மரக்கட்டையால் பனியை அடித்து உதிர்த்தார்கள். நான் உப்பிட்ட ஆட்டுக்கறியும் மஞ்சள் பட்டாணியும் போட்டு சூப் வைத்தேன். யாரும் இரண்டாவது தடவை கேட்கவில்லை. என் சூப்பை இரண்டாவது தடவை கேட்காத படகில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

நான்காவது கோட்டில், நடுப்பகலில், குளிர்காலச் சூரியன் மேலே எழும்பாமல் வானத்தின் விளிம்பு மட்டும் கொஞ்சம் சிவந்திருந்த நேரத்தில் நான் காப்பிக் குடுவையோடு சுக்கான் அறைக்கு ஏறினேன். டோர்ஃபி சோனார் திரைமேல் கவிழ்ந்து நின்றான். சோனார் பக்கவாட்டில் பார்க்கும். நாங்கள் மீன் தேடுவது அதில்தான். எண்ணுவதற்கு அது உதவாது. திரையின் இடதுபக்கத்தில், இரண்டு மைலுக்கு அப்பால், ரத்தக்கட்டிபோல ஒன்று நின்றது. நீளமாக. வடக்கே போகப்போக அதுவும் கூடவே வந்தது.

"ஸ்வாலா! ஏ ஸ்வாலா! இங்க வா!"

அவள் வந்து பார்த்தாள். அவள் கழுத்தில் ஒரு நரம்பு துடித்தது.

"லோட்னா," என்றான் டோர்ஃபி. "இந்தத் தொழில்ல நான் இவ்ளோ பெரிய கூட்டம் நாலு தடவை பார்த்திருந்தா அதிகம். திருப்பட்டுமா?"

"கோட்டுலயே போ அண்ணா."

"அடி, ரெண்டே மைலு! மேல ஒரு தடவை போயிட்டு வந்துடலாம். உன் மெஷினு எண்ணட்டும்."

"மீன் இருக்கிற இடத்தைப் பார்த்துப் போனா அது எண்ணுறது இல்ல. ஒரு கோட்டுல பார்க்கிறதை ரெண்டு பக்கமும் ஆறாறு மைலுக்கு வச்சுப் பெருக்குவேன். இந்த ஒரு கூட்டத்தை வச்சு இந்தக் கடல் பூரா மீன்னு சொல்ல வேண்டியதாயிடும்."

"இருக்கிற மீனை இல்லேன்னு சொல்லப்போறியே, அது மட்டும் உண்மையா?"

"அதுக்குத்தான் கோடு. ஒரு கோட்டுல தப்பிச்சது இன்னொரு கோட்டுல மாட்டும்."

டோர்ஃபி மறுபடி திரையைப் பார்த்தான். பிறகு வரைபடத்தைப் பார்த்தான். விரலை வைத்து எங்கள் கோட்டிலிருந்து இடதுபக்கம் அளந்தான். அளந்த விரல் அப்படியே நின்றுவிட்டது. அவன் முகம் வெளுத்துப்போவதை நான் கண்ணால் பார்த்தேன். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் நடுவே இரண்டு மைல்.

"ஸ்வாலா," என்றான் தாழ்ந்த குரலில். "முதல்ல பதினொண்ணுதான் வந்துச்சு."

"என்னது?"

"தொப்பியில. நான் பதினொண்ணைத்தான் எடுத்தேன். திருப்பிப் போட்டுட்டு ஒன்பதை எடுத்தேன். கேப்டன் சலுகைன்னு... எப்பவும் பண்றதுதான். அதனால நியாயமாப் பார்த்தா நாம போயிருக்க வேண்டிய கோடு அதுதான். இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப்போகல. அங்க போயிடலாம். பொய் சொல்றேன்னு நினைக்காத, பெர்சியைக் கேளு!"

"ஆமா ஸ்வாலா," என்றேன். "பதினொண்ணுதான் வந்துச்சு. எல்லாரும் பார்த்தோம்."

அவள் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"நம்புறேன்," என்றாள். "துறைமுகத்துல இதைச் சொல்லியிருந்தா ஒரு வார்த்தை பேசாம பதினொண்ணுலதான் போயிருப்பேன். வர்ற வழியில சொல்லியிருந்தாக்கூட மறுபடி முதல்லேருந்து ஆரம்பிச்சிருப்பேன். இப்ப நீ மீனைப் பார்த்துட்டே. நானும் பார்த்துட்டேன். இனிமே அது சீட்டு காட்டின கோடு இல்ல அண்ணா. மீன் காட்டின கோடு."

"அதே கோடுதானேடி!"

"அதே கோடுதான்."

டோர்ஃபியின் கை சுக்கான் பிடியில் இருந்தது. அந்தப் படகில் அவன்தான் கேப்டன், யாரைக் கேட்க வேண்டும் அவன்? ஸ்வாலாவும் அதைத்தான் சொன்னாள்.

"படகு உன்னுது. திருப்பணும்னா திருப்பிக்கோ, நான் கையைப் பிடிக்க மாட்டேன். ஆனா திருப்பின நிமிஷம் நான் கருவியை அணைச்சிடுவேன்."

நான் காப்பிக் குடுவையைப் பிடித்துக்கொண்டு மரம்போல நின்றேன். திருப்புடா, என்று மனசுக்குள் கத்தினேன். ஆமாம், கத்தினேன். எனக்கு அறிவியல் தெரியாது, ஆல்காவைத் தெரியும். டோர்ஃபி திருப்பவில்லை. தங்கை அணைத்துவிடுவாள் என்ற பயத்தாலா, அவள் சொல்வது சரி என்று பட்டதாலா, அவனிடம் நான் கேட்டதில்லை. அந்தச் சிவப்புக் கட்டி திரையில் மெல்ல மெல்லப் பின்னால் நகர்ந்து, ஓரத்துக்குப் போய், மறைந்தது. கருவியின் திரையில் எங்களுக்கு நேர்கீழே தெளிந்த நீர் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த கோடுகளில் எதுவும் மாட்டவில்லை. புயல் வந்து எங்களைத் துறைமுகத்துக்கு விரட்டியது. திரும்பப் போனபோது பனிக்கட்டி அந்த இடத்தையெல்லாம் மூடியிருந்தது. மற்றக் கப்பல்களும் தேடின. பிப்ரவரியில் வானொலியில் அறிவித்தார்கள், பூஜ்யம்.

எங்கள் ஊரில் நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் அலசப்படுவது ஊர்ப் பொதுக் குளிப்பிடத்தின் வெந்நீர்த் தொட்டியில்தான். சுற்றிலும் பனி கொட்ட, கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்துகொண்டு ஊர் மொத்தமும் பேசும். அன்று டோர்ஃபி வந்து இறங்கியதும் பேச்சு நின்றது. பிறகு ஆலையில் வேலைபார்த்த ஒருவன் ஆரம்பித்தான்.

"ஏன் டோர்ஃபி, உன் தங்கச்சி கண்ணாடியைத் துடைச்சுட்டுத்தான் எண்ணினாளா?"

"துடைச்சுட்டுத்தான் எண்ணினா."

"சம்பளம் அவளுக்கு மாசாமாசம் வந்துடும். மீனு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன."

"அவளைப் பத்திப் பேசாத," என்றான் டோர்ஃபி. "படகை ஓட்டினது நான். மீன் இல்லாத பக்கமா ஓட்டினதும் நான்தான். திட்டணும்னா என்னைத் திட்டு."

தொட்டியில் இருந்தவர்கள் அதை அண்ணன் பாசம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஸ்டூர்லா நீருக்குள் தலையை அமுக்கிக்கொண்டான். படகில் இருந்தவர்கள் யாரும் சீட்டு விஷயத்தை வெளியே சொல்லவில்லை. எதைச் சொல்வது? கேப்டன் ஒரு சீட்டைத் திருப்பிப் போட்டார், அதனால் ஊர் மூழ்கிவிட்டது என்றா?

ஆல்காவை மேற்கே ஒரு பெரிய கம்பெனி வாங்கிக்கொண்டது. புது ஆட்கள் வந்து ஓட்டிப்போன அன்று டோர்ஃபி படகுத்துறைக்கு வரவில்லை. வீட்டில் உட்கார்ந்து குளிர்சாதனப் பெட்டியைப் பிரித்துப் பழுதுபார்த்தானாம். அதில் ஒரு பழுதும் இல்லை என்று அவன் மனைவி பிறகு என்னிடம் சொன்னாள். அதற்கப்புறம் பக்கத்து நீர்ப்பரப்பில் சால்மன் வளர்க்கும் கூண்டுகளுக்குத் தீவனம் கொண்டுபோகும் தட்டையான படகில் சேர்ந்தான். கடலில் மீனுக்குச் சாப்பாடு போடுகிற வேலை. ஒருநாள் வழியில் பார்த்தபோது, "நீயும் சமையல்காரனாயிட்டடா," என்று கிண்டல் செய்தேன். சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்புக்கு முன்னால் ஒரு நிமிடம் யோசித்தான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என்மேல் எரிந்து விழுந்திருக்க வேண்டும் அவன்.

மார்ச் கடைசியில் லோட்னா கரைக்கு வந்தது. எங்கிருந்து வந்தது, எவ்வளவு வந்தது, கடவுளுக்குத்தான் வெளிச்சம். முட்டையிட்டு முடித்ததும் லோட்னா செத்துப்போகும். அந்த வருடம் செத்தவை எங்கள் ஊர்க் கறுப்பு மணலில் அலையடித்து ஒதுங்கின. நடந்தால் காலணிக்கடியில் நசுங்கின. ஊர்க் கடற்பறவைகள் தின்று தின்று பறக்க முடியாமல் மணலில் உட்கார்ந்திருந்தன. ஆலை மூடியே கிடந்தது. ஊர்க்காரர்கள் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டுத் திரையை இழுத்து மூடிக்கொண்டார்கள்.

ஸ்வாலா மீன்களை அளக்க வந்தாள். அவளுக்குத் தங்க இடம் கொடுக்க ஊரில் யாரும் முந்திக்கொண்டு வரவில்லை. அண்ணன் வீட்டுக்குப் போக அவளுக்கு மனம் வரவில்லை, என் வீட்டில்தான் தங்கினாள். வேலை இல்லாதவன் வேறென்ன செய்ய, நானும் வாளியைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். அவள் மணலில் மண்டியிட்டு ஒவ்வொரு மீனாகப் பலகையில் வைத்து நீளம் பார்த்து, வயிற்றை அமுக்கி முட்டை மிச்சமிருக்கிறதா என்று பார்த்தாள்.

"பெர்சி அண்ணே," என்றாள் தலையைத் தூக்காமல். "பதினொண்ணுல போயிருந்தா என்ன வந்திருக்கும்னு கணக்குப் போட்டுப் பார்த்தேன்."

"எதுக்கும்மா அதெல்லாம்?"

"போடக்கூடாதுன்னுதான் இருந்தேன். முடியல. சோனார்ல பதிவானது எங்கிட்ட இருந்துச்சு. தூக்கம் வராதப்ப உக்காந்து போட்டேன்."

"போதுமா இருந்திருக்குமா?"

"போதும். நல்லா மிஞ்சியே இருக்கும். ஆல்கா முழு சீசனும் பிடிச்சிருக்கலாம்."

நான் வாளியைக் கீழே வைத்தேன். "அப்ப நம்ம எண்ணிக்கைதான் தப்பா?"

"இல்ல. அந்தக் கணக்கும் தப்பா இருந்திருக்கலாம். ஒரே ஒரு கூட்டத்தைப் பெருக்கிப் பெருக்கிக் கடல் முழுக்க நிரப்பியிருப்பேன். ரெண்டுல எது நிஜம்னு யாருக்கும் தெரியாது. தெரியாததாலதான் சீட்டுக்கு விடுறோம்." மூக்கைக் கையுறையின் பின்புறத்தால் துடைத்தாள். "நான் அப்ப மேல ஓடியிருக்கக் கூடாது. அந்த போனை அப்புறம் எடுத்திருக்கலாம்."

மேலே சாலையில் ஒரு வண்டி வந்து நின்றது. டோர்ஃபி இறங்கி வந்தான். தீவனப் படகின் ஆரஞ்சு நிற உடையிலேயே இருந்தான். வீட்டுக் கோழிகளுக்கு அள்ளிப்போக இரண்டு வாளி கொண்டுவந்திருந்தான். படகு விற்ற பிறகு அண்ணனும் தங்கையும் நேரில் பார்த்துக்கொள்வது அதுதான் முதல் தடவை.

"சாப்பிட்டியா?" என்று கேட்டான்.

"பெர்சி அண்ணன் சூப்பு."

"அப்ப பட்டினின்னு சொல்லு."

வாளியில் மீனை அள்ளினான். பிறகு குனிந்தபடியே, முகத்தைக் காட்டாமல் கேட்டான்.

"ஸ்வாலா. நான் திருப்பிப் போடாம இருந்திருந்தா... அந்தக் கோட்டுல போயிருந்தா... போதுமா இருந்திருக்குமா?"

நான் வாளியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் அம்மா சாகக் கிடந்தபோதுகூட அப்படி வேண்டிக்கொண்டதில்லை. என்ன வேண்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

"இல்ல அண்ணா," என்றாள் ஸ்வாலா. "கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்பவும் போதாது."

டோர்ஃபி நிமிர்ந்தான். "நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

"எவ்வளவு குறையும்?"

ஸ்வாலா அவனை நேராகப் பார்த்தாள். "முப்பத்தெட்டாயிரம் டன்."

கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. டோர்ஃபியின் தோள்கள் இறங்கின. இரண்டு மாதத்துக்கும் மேலாக அவன் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப்போனதை நானே பார்த்தேன். "முப்பத்தெட்டாயிரமா," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தான். தங்கையின் தலையில் மீன் நாற்றக் கையை வைத்து ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, இரண்டு வாளிகளையும் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினான். பாதி தூரத்தில் நின்று, "பெர்சி, ஒன்பதும் பதினொண்ணும் ஒண்ணுதான்டா!" என்று கத்தினான். நானும் கையைத் தூக்கி ஆட்டினேன்.

ஊரே வெறுத்தபோதும் ஒரு மைல்கூட வளைந்து கொடுக்காதவள் ஸ்வாலா. வளைந்திருந்தால் படகு தப்பியிருக்கும். அப்போது வளையவில்லை. படகும் போய், சீசனும் போய், யாருக்கும் எந்த உபயோகமும் இல்லாத இந்த நேரத்தில் வளைந்துவிட்டாள். சரியா தப்பா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு அன்றைக்கு இரண்டு பேரையும் நினைத்து மனசு ஆறவே இல்லை.

வண்டி கிளம்பிப் போனது. அவள் பலகையில் அடுத்த மீனை எடுத்துவைத்தாள். நீளத்தைப் பார்த்தாள், மறுபடி பார்த்தாள், மூன்றாம் முறையும் பார்த்தாள்.

"பெர்சி அண்ணே," என்றாள், "இந்த எண்ணை நீங்க படிச்சுச் சொல்லுங்க. எனக்குத் தெரியல."